பணிவிடை செய்வோர்க்கும் ஓர் ஓய்வு

நம் கொங்கு நாட்டு ஊர்களில் நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும் நல்வழக்கம் இன்றும் குறையவில்லை. கோவைக் கோட்டைமேட்டிலாயினும் கரும்புக்கடையிலாயினும், பள்ளபட்டியிலாயினும் உடுமலையிலாயினும், ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டார் என்றால் அஸர் தொழுகைக்குப் பின் அவ்வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும். வந்தவர்கள் நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு துஆ ஓதுவார்கள். உணவு இறங்குகிறதா, உறக்கம் வருகிறதா, எந்த டாக்டர் பார்க்கிறார் என்றெல்லாம் கேட்பார்கள். உள்ளிருந்து தேநீர் வரும். குடித்துவிட்டு ஸலாம் சொல்லி எழுவார்கள். அந்தத் தேநீரைப் போட்டுக் கொடுத்தவர் முந்திய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று கேட்ட ஒருவரை நாம் கண்டதில்லை. நாமும் கேட்டதில்லை.

வரலாற்று நூல்களும் பெரும்பாலும் அந்த விருந்தினரைப் போன்றே நடந்துகொண்டிருக்கின்றன. நோயாளியைப் பற்றி எழுதின. மருத்துவரைப் பற்றியும், மருத்துவமனை கட்டிய சுல்தானைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதின. வீட்டிற்குள் இருந்து இரவெல்லாம் விழித்த கைகளைப் பற்றி அவை எழுதியது மிகக் குறைவு. அக்கைகளுக்கும் ஓய்வு வேண்டும், அதற்கென நோயாளியைச் சில நாள் வேறோரிடத்தில் வைத்துப் பராமரிக்கலாம் என்ற எண்ணம் உலகில் எப்போது உருவாயிற்று, அது நம் எல்லை வரை எவ்வாறு வந்தது என்பதை இக்கட்டுரையில் காண முயல்வோம்.

அதற்கு முன் நம் இல்லத்துச் செய்தி ஒன்றைக் கூற வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நம் அத்தாவின் தாயார் பக்கவாதத்தில் விழுந்து ஆறாண்டுகள் படுக்கையில் இருந்தார்கள். உடுமலையில் இரண்டு அறை கொண்ட வீடு. பார்த்தவர் நம் தாயார் ஒருவரே. தம் சொந்தத் தம்பியின் நிக்காஹ் பொள்ளாச்சியில் நடந்தபோது, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவுதான், அம்மா செல்லவில்லை. நாங்கள் எல்லோரும் சென்று பிரியாணி உண்டு திரும்பினோம். "நாலு நாள் யாராவது பார்த்துக்கொண்டால் நான் கொஞ்சம் படுத்து எழுந்துகொள்வேன்" என்று ஒரே ஒரு முறை அவர் சொன்னது நம் காதில் விழுந்தது. "மௌத்து வரையில் பார்ப்பது நம் கடமை அல்லவா?" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கூறினார். அதற்குப் பின் அம்மா அதைப் பேசவே இல்லை. பெரியவர் கூறியதில் பிழை இல்லை. ஆனால் 'நம்' கடமை என்று அவர் கூறிய சொல்லில் எத்தனை பேர் அடங்கியிருந்தார்கள் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பது எத்தகைய பணி என்பதைச் செய்தவர்களே அறிவார்கள். தாமே புரண்டு படுக்க இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் கண்டுவிடும். இரவுக்கும் இதே கணக்குத்தான். எனவே பார்ப்பவர் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உறங்க முடியாது. மறதி நோய் கண்டவராயின் புரட்டும் வேலை இல்லை. ஆனால் அவர் நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார். இந்நிலை ஒரு வாரம் அன்று, ஓராண்டு அன்று. பல ஆண்டுகள் நீடிப்பது.

முற்காலத்தில் இதற்குக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு வழி இருந்தது. ஒரே கூரையின் கீழ் மூன்று மருமகள்கள், மணமாகாத ஒரு மகள், கணவனை இழந்த ஓர் அத்தை என்று கைகள் பல இருந்தன. பிரிந்து வாழ்ந்த வீடுகளில் 'முறை வைத்தல்' இருந்தது. மூத்தவர் வீட்டில் ஒரு மாதம், இளையவர் வீட்டில் ஒரு மாதம், இடையில் மகள் வீட்டில் நாலு நாள். பெற்றோரைப் பங்கு போடுகிறார்கள் என்று இதை ஏளனம் செய்வோர் உண்டு. அந்த ஏளனத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மாத உழைப்புக்குப் பின் ஒரு மாத இளைப்பாறுதலை அம்முறை தந்தது என்பதையும் மறுத்தல் இயலாது.

அவ்வழி அடைபட்டதற்குக் காரணம் மனம் கல்லானது என்று மேடைகளில் பேசுகிறார்கள். கொங்கு நாட்டின் பொருளாதார வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1888-இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் கோவையில் நூற்பாலை தொடங்கினர். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்ததும் ஆலைகள் பெருகின. பின்னர்த் திருப்பூர் பனியன் தொழில் எழுந்தது. ஷிப்டு முறையில் ஆணும் பெண்ணும் வெளியேறினர். வளைகுடா நாடுகளுக்குப் பலர் சென்றனர். பிள்ளைப்பேறும் குறைந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992-93-இல் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 2.5 குழந்தைகள், 2019-21-இல் 1.8. மறுபுறம், 2011 மக்கள் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 8.6 பேராக இருக்க, தமிழ்நாட்டில் 10.4 பேராக இருந்தனர். முறை வைக்க மூன்று வீடு இருந்த இடத்தில் இன்று ஒரே வீடு, அதிலும் ஒரே மருமகள் என்பதே இக்கணக்கின் பொருள்.

இனி இஸ்லாமிய வரலாற்றின் பக்கம் திரும்புவோம். வீட்டுக்கு வெளியே நோயாளியை வைத்துப் பார்ப்பது மேனாட்டார் நமக்குக் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவோர் நம்மில் பலர். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் கையில் அம்பு தைத்துக் கடுங்காயமுற்றார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் ஸஅத் அவர்களை அவர்தம் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. பள்ளிவாசல் வளாகத்தில் கூடாரம் அடிக்கச் செய்து, அருகிலிருந்தே நாளும் சென்று பார்க்கும்படி அங்கே தங்க வைத்தார்கள். காயமுற்றோர்க்கு மருந்திட்டு வந்த ருஃபைதா (ரலி) என்னும் அம்மையாரின் கூடாரம் அது என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அன்புக்குரிய ஒருவரை வேறொருவர் பராமரிப்பில் வைப்பதும், நாள் தவறாது சென்று காண்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் தேட வேண்டியதில்லை.

உமையா கலீஃபா முதலாம் வலீத் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஏற்பாடு இன்னும் வியப்புக்குரியது. தொழுநோயாளர்க்கு உதவித்தொகை அளித்ததோடு, நடக்க இயலாத ஒவ்வொருவர்க்கும் ஒரு பணியாளையும், கண்ணிழந்த ஒவ்வொருவர்க்கும் ஒரு வழிகாட்டியையும் அவர் அளித்தார் என்று தபரீ எழுதுகிறார். பணிவிடை என்பது குடும்பத்தின் தலையில் மட்டும் விழ வேண்டியதில்லை, அரசும் தோள் கொடுக்கலாம் என்ற கருத்து இச்செயலில் அடங்கியுள்ளது.

அதன் பின் பீமாரிஸ்தான்கள் எழுந்தன. 1154-இல் நூருத்தீன் ஜங்கீ திமஷ்கில் கட்டிய மருத்துவமனையின் கட்டடம் இன்றும் நிற்கிறது. அங்கே கடும் வயிற்று வலிக்குச் சிகிச்சை பெற்றவர் ஒரு படைத்தலைவர். தாம் ஆட்சிக்கு வந்தால் இத்தகைய இல்லம் ஒன்றைத் தாமும் கட்டுவதாக அவர் நேர்ந்துகொண்டாராம். அவரே பின்னர் எகிப்தின் சுல்தானாகி, 1284-இல் கெய்ரோவில் மன்ஸூரீ மருத்துவமனையை நிறுவிய கலாவூன். ஆண், பெண், செல்வர், வறியர், ஊரார், வேற்றூரார் என்ற பேதமின்றி எவரையும் ஏற்க வேண்டும் என்று அதன் வக்ஃபு சாசனம் விதித்தது. வீட்டிலேயே கிடந்த ஏழை நோயாளிகளுக்கும் மருந்தும் உணவும் அனுப்ப அதில் வழி இருந்தது. குணமாகி வெளியேறுவோர்க்கு உடையும் பொருளும் கொடுத்தனுப்பினர்.

இவற்றைப் பட்டியலிட்டுப் பெருமிதம் கொள்வதோடு நம் பத்திரிகைகள் நின்றுவிடுவதுண்டு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். நூருத்தீனின் இல்லமும் கலாவூனின் இல்லமும் நோயாளிக்காக எழுந்தவை. அவற்றால் ஏதோ ஒரு வீட்டுப் பெண் சில வாரம் உறங்கியிருப்பாள்; ஆனால் அவளுக்காக என்று எவரும் கருதிச் செய்ததில்லை.

அவளைக் கருதிச் செய்த முதல் முயற்சிகளுள் ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் காண்கிறோம். போருக்குப் பின் அங்கே முதியோர் மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தபோது, மருத்துவமனைப் படுக்கைகள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன. ஒரு முறை உள்ளே வந்த முதியவர் திரும்பிச் செல்வது அரிது. வீட்டிலுள்ளோர் களைத்துப்போய், இனி இவரைத் திரும்ப அழைத்தால் நம்மால் ஆகாது என்று அஞ்சியதே அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1957-இல் டி லார்ஜி என்னும் மருத்துவர் 'லான்செட்' இதழில் ஒரு திட்டத்தை விவரித்தார். முதியவர் ஆறு வாரம் மருத்துவமனையில் இருப்பார், ஆறு வாரம் வீட்டில் இருப்பார். உறவினர்க்கு இளைப்பாறுதல் அளிப்பது இத்திட்டத்தின் நோக்கம் என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே அவர் பொறித்திருந்தார். நம் ஊர் 'முறை வைத்த'லுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாவது மகன் வீட்டின் இடத்தில் மருத்துவமனை நிற்கிறது; வேறுபாடு அவ்வளவே.

சில ஆண்டுகளில் மேரி வெப்ஸ்டர் என்னும் பெண்மணி குரல் எழுப்பினார். கிறித்தவ சபை ஒன்றின் ஊழியராய் இருந்த அவர், பெற்றோரைப் பார்ப்பதற்காக 1954-இல் வேலையைத் துறந்தவர். தம்மைப் போன்ற மணமாகாத மகளிரின் நிலையை 1963-இல் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். நாட்டின் பல மூலைகளிலிருந்து பெண்கள் பதில் எழுதினார்கள். 1965-இல் அத்தகைய மகளிர்க்கென ஒரு தேசிய மன்றம் தோன்றியது. நோயாளியைப் பராமரிக்கும் உறவினர் என்ற ஒருவர் இருக்கிறார் என்பதை அரசு அதன் பின்னரே கணக்கில் எடுத்தது. பிற நாடுகள் மெல்லப் பின்தொடர்ந்தன. அமெரிக்காவில் 1982-இல் இயற்றப்பட்ட சட்டம், மரணத் தறுவாயில் வீட்டில் பராமரிக்கப்படுவோரை உறவினர் ஓய்வுக்காக ஒரு தடவைக்கு ஐந்து நாள் வரை இல்லங்களில் சேர்க்க இடமளித்தது. ஜெர்மனியில் 1995-இலும் ஜப்பானில் 2000-இலும் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்பீடுகளில் குறுகிய காலத் தங்கல் ஓர் உரிமையாகவே இடம்பெற்றது. ஆங்கிலத்தில் 'ரெஸ்பைட்' என்று வழங்கும் இதற்கு நம் மொழியில் நிலைபெற்ற பெயர் இன்னும் இல்லை. 'இடைத்தங்கல்' எனலாம் என்று தோன்றுகிறது.

தொலைதேசத்துச் செய்தி இருக்கட்டும். கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் இவ்வெண்ணம் வேர்விட்ட நிலம் வந்துவிடும். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பங்களுக்கும் கோவை, பொள்ளாச்சிக் குடும்பங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. எனவே அந்நிலம் நமக்கு அயல் அன்று. திருச்சூர் மாவட்டம் குன்னங்குளத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜேக்கப் ராய், தம் தந்தையாருக்கு அல்ஸைமர் மறதி நோய் கண்டபோது, எங்கும் உதவி இல்லாத நிலையைக் கண்டார். 1992-இல் இந்தியாவில் அந்நோய்க்கென ஒரு சங்கம் அவர் முயற்சியால் உருவாயிற்று. குன்னங்குளத்தில் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் தோன்றியது; குடும்பத்தார் சில காலம் இளைப்பாறும் பொருட்டு நோயாளியைத் தங்க வைக்கும் இல்லமும் பின்னர் அம்மாவட்டத்தில் எழுந்தது. 2014-இல் கேரள அரசு அச்சங்கத்துடன் சேர்ந்து 'ஸ்மிருதிபதம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது.

திருச்சூர் மாவட்டத்திலேயே மருத்துவர் ஷாஜியும் அவர்தம் தோழர்களும் மறதி நோயாளிகளைப் பார்த்துவந்த குடும்பத்தாரைத் தேடிச் சென்று உரையாடினர்; ஆய்வு 2003-இல் வெளிவந்தது. பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்று அது காட்டியது. மனைவியர், மகள்கள், மருமகள்கள். நோயாளியின் நடத்தை நோயினால் விளைவது என்பதைக்கூட அவர்களுக்கு எவரும் எடுத்துரைத்திருக்கவில்லை. வேண்டுமென்றே தொல்லை தருகிறார் என்று எண்ணி மனம் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். நாட்டில் அறுபது வயது கடந்தோரில் நூற்றுக்கு ஏழுக்கு மேற்பட்டோர்க்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. அத்தனை வீடுகளிலும் ஒரு தாயாரோ மருமகளோ இருக்கிறார் அல்லவா?

வடக்கே கோழிக்கோட்டில் 1993-இல் வலி நிவாரணப் பராமரிப்புச் சங்கம் ஒன்று தொடங்கிற்று. அதன் கிளைகள் மலப்புறம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் பரவின. மாப்பிள்ளை முஸ்லிம்கள் நிறைந்த அம்மாவட்டத்தில் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் கல்லூரி மாணவரும் பயிற்சி பெற்று, அண்டை வீட்டு நோயாளியைச் சென்று பார்க்கும் தொண்டர் ஆனார்கள். கேரள அரசு 2008-இல் இதனைக் கொள்கையாகவே ஏற்றது. இது பெரும்பாலும் வீடு தேடிச் செல்லும் பணி. தங்கவைக்கும் பணி அன்று. ஆனாலும் வாரம் ஒரு முறை அயலார் ஒருவர் வந்து அமர்ந்தால், அந்த இரண்டு மணி நேரம் வீட்டுப் பெண்ணுக்குச் சொந்தமாகிறது.

கணவாய்க்கு இப்பால் நம் தமிழகத்தில் என்ன நேர்ந்தது? சொல்ல நா எழவில்லை. ஆயினும் சொல்லாமல் கடப்பது நேர்மை ஆகாது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்துச் செல்லும் வழக்கம் பல தலைமுறையாக உண்டு. பல மதத்தாரும் சென்றார்கள். குடும்பத்தார் உடன் தங்கி, நாட்கள் நீண்டு, கைப்பொருள் தீர்ந்து, ஊர் திரும்ப வேண்டிய நிலையில் நோயாளியை அங்கிருந்த தனியார் விடுதிகளில் விட்டுச் சென்றனர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அத்தகைய விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். விட்டுச் சென்ற குடும்பங்களைக் கொடியவர் என்று அன்று பலரும் பேசினார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. திரும்பி வருவேன் என்று சொல்லி ஒருவரை ஒப்படைத்துச் செல்ல, தகுந்த உரிமம் பெற்ற, கண்காணிப்புள்ள ஓரிடம் அவர்களுக்கு இல்லை. இருந்தது சங்கிலி ஒன்றுதான்.

சட்டத்திலும் அந்த வெற்றிடம் அப்படியே தெரிகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் முதியோரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும் இல்லம் அமைக்கவும் அது வழிகோலுகிறது. நல்ல சட்டந்தான். ஆனால் அதற்குத் தெரிந்தவர் இருவரே: கைவிட்டவர், கைவிடப்பட்டவர். கைவிடாமல் பத்தாண்டு சுமந்து முதுகு ஒடிந்தவர் அதன் ஏட்டில் இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் படுக்கையில் உள்ளோர் வீட்டுக்கே அனுப்புகிறது, வரவேற்கத்தக்கது. எனினும் அவர்கள் பகலில் வந்து செல்வோர். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பவர் பழைய ஆள்தான்.

கோவையைச் சுற்றி இந்த நூற்றாண்டில் ஓய்வு பெற்றோர்க்கான குடியிருப்புகள் பெருகி, நகருக்கு அதனால் ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது. தனியார் முதியோர் இல்லங்களுள் சில, ஒரு வாரம் பத்து நாள் தங்கலுக்கும் இடம் தருகின்றன. வசதி படைத்தோர்க்கு அது கிடைக்கிறது. உக்கடத்து வாடகை வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய தடை 'ஊர் என்ன சொல்லும்' என்ற அச்சம். தாயை ஹோமில் தள்ளிவிட்டான் என்று ஜமாஅத்தில் ஒரு சொல் எழுந்தால் அது பேரன் காலம் வரை நிற்கும்.

இடைத்தங்கலால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கூறுவதும் தகாது. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், மறதி நோயாளியின் குடும்பத்தார்க்கு இதனால் உறுதியான பயன் உண்டு என்றோ இல்லை என்றோ கூறப் போதிய சான்று இல்லை என்றே முடித்தனர். புதிய இடத்தில் மறதி நோயாளியின் கலக்கம் மிகுவதும் உண்டு. பழகிய தலையணை, பழகிய தஸ்பீஹ் மணி, பழகிய குரல் இல்லாவிடில் அவர் அஞ்சுவார். ஆகவே முதல் முறை இரண்டு நாள், பிறகு நான்கு நாள் என்று பழக்குவதே சரி. நோய் முற்றி வீடே நிலைகுலைந்த பின் அல்லாமல், முன்னரே தொடங்குவதும் நன்று.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கு வக்ஃபுச் சொத்து உண்டு. கல்யாண மஹால்கள் உண்டு. ரமலான் மாதம் முழுதும் அவை பூட்டிக் கிடக்கின்றன. பள்ளிக்கு அருகில் ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை, அறைக்கு இரண்டு கட்டில், இரவுப் பணிக்குப் பயிற்சி பெற்ற இரு பெண்களும் ஓர் ஆணும், அழைத்தால் வரும் ஒரு டாக்டர், தரையோடு தரையாக அமைத்த குளியலறை; தொடங்க இவ்வளவு போதும். உள்ளே வருபவரின் மருந்துச் சீட்டு, உண்ணும் உணவு, உறங்கும் நேரம், அவர் எதற்கு அஞ்சுவார் என்பதெல்லாம் முதல் நாளே எழுதிக்கொள்ளப்பட வேண்டும். பாங்கு ஒலி காதில் விழும் தொலைவில் இருப்பதால் அவருக்கு வேற்றிடம் என்ற எண்ணம் குறையும். தொழுகைக்கு வருவோர் தினம் ஐந்து வேளையும் எட்டிப் பார்த்துச் செல்லலாம். மற்றொன்றும் அப்பதிவேட்டில் இருக்க வேண்டும். அழைத்து வந்த நாளின் பக்கத்திலேயே திரும்ப அழைத்துச் செல்லும் நாளையும் எழுதி, குடும்பத்தார் கையொப்பம் இட வேண்டும்.